ஐந்தரை மணி ஆசையை மூன்றரைக்கே கவனியுங்கள்

வேலை முடிந்து ஐந்தரைக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்குகிறீர்கள். பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் சூடான ரோல்ஸ். "இன்றைக்கு ஒன்று மட்டும்" என்று கை பர்சுக்குப் போகிறது. அந்த இடத்தில் நின்று மனதோடு மல்லுக்கட்டினால் பெரும்பாலும் ரோல்ஸ்தான் வெல்லும். மத்தியானச் சோறு செமித்து, பசியும் களைப்பும் ஒன்றாய் வரும் நேரம் அது. ஆகவே வேலையை அதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

முதல் மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள். தடுமாறிய நேரம், இடம், அதற்குச் சற்று முன் நடந்தது, இவற்றை மட்டும் போனில் குறியுங்கள். திரும்பத் திரும்ப ஓரிரு இடங்களே வரும்.

பிறகு பசியைக் கவனியுங்கள். மூன்றரைக்கு அரைக் கோப்பை அவித்த கடலையோ ஒரு வாழைப்பழமோ போதும். அடுத்தது வழி. ஒரே ஒரு வசனம் எழுதுங்கள்: "பஸ்ஸால் இறங்கினால், முதல் ஒழுங்கையால் கடற்கரையோர மரைன் டிரைவுக்குப் போய் நடப்பேன்." இப்படி 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போடும் முறையை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999 இல் விரிவாக எழுதினார். "இனி ரோல்ஸே தொடமாட்டேன்" என்பது இந்த வேலையைச் செய்யாது. என்ன செய்வது என்று அதில் ஒன்றும் இல்லை. போதாததற்கு ரோல்ஸையே நினைவூட்டும். ஒன்று சாப்பிட்டுவிட்டால் "உடைந்ததுதானே" என்று மூன்றாகும். வெள்ளிக்கிழமை ஒன்று என்று அனுமதித்துவிடுங்கள்.

அப்படியும் ஆசை பிடித்தால் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள், ஒரு பிளேன் டீயோடு. ஆசை ஏறும், பிறகு தானாக இறங்கும்.

மன உறுதி பேட்டரி போலத் தீர்ந்துபோகும் என்பார்கள். 2016 இல் 23 ஆய்வுகூடங்கள் சேர்ந்து சோதித்தபோது அந்த விளைவு தெளிவாகத் தெரியவில்லை. அதைச் சாட்டாக வைக்காதீர்கள்.

இரவில் போன் பார்ப்பதற்கும் இதே கணக்கு: சார்ஜரைக் குசினியில் வையுங்கள், எழும்ப ஒரு சாதாரண அலாரம் மணிக்கூடு வாங்குங்கள். காசென்றால், சம்பளம் விழும் அன்றே சேமிப்புக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் நிலையான கட்டளை கொடுங்கள்.

21 நாளில் பழகிவிடும் என்று நம்பவேண்டாம். 2010 இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில் ஒரு புதிய பழக்கம் ஊன்ற 18 முதல் 254 நாள் வரை கணக்கு வந்தது; நடுமட்டம் 66. ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. இரண்டு கிழமையாகியும் பேக்கரியிலேயே நிற்கிறீர்களென்றால் வசனத்தை மாற்றுங்கள்: ஒரு தரிப்பிடம் முன்பே இறங்கிப் பாருங்கள்.