மொரீஷியஸுக்குப் புதிதாகப் போகும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு

மொரீஷியஸில் வேலை பார்க்கும் நான் விடுமுறைக்குத் தக்கலைக்கு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் சம்பளத்தைக் கேட்கிறார்கள். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அங்க கோயிலு உண்டுமா?" என்கிறார்கள். எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பையன்கள் இப்போது விமானம் ஏறியிருக்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்வதற்குப் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கோயில் உண்டு, ஏராளமாக. தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்து இருக்கும். 1998-இல் தமிழைப் பின்னுக்குத் தள்ளி வரிசை மாற்றி அச்சிட்ட நோட்டுகளை, தமிழர்கள் எதிர்த்ததால் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அந்த நோட்டை வாங்கிக் கல்லாவில் போடுகிறவர் பெயர் வீராப்பன் என்றே இருந்தாலும், பெரும்பாலும் அவருக்குத் தமிழ் பேச வராது. வீட்டிலும் சந்தையிலும் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழிதான்.

நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். முதல் வருஷம் நானும் சறுக்கினேன். கோயிலில் ஒருவர் ரோமன் எழுத்தில் அச்சிட்ட தேவாரத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். ழகரத்தைத் திருத்தப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே புத்தகத்தை என்னிடம் நீட்டி, "நீங்கள் பாடுங்கள்" என்று கை காட்டினார். எனக்கு இரண்டாவது வரியே தெரியாது.

1730-களில் லா பூர்தொனே அங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்தபோதே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களைக் கொண்டுபோனார்கள். 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். அத்தனை தலைமுறை தாண்டியும் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கிறார்கள். நாம் குமாரகோவில் முருகன் பக்கத்திலேயே பிறந்தும் எத்தனை நாள் இருந்தோம்? அதனால் 'நான் அசல் தமிழன்' என்ற நினைப்பை விமான நிலையத்திலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

கோயிலில் ஒட்டிக்கொள்ள நான் கண்ட வழி, விழாவுக்கு முந்தின நாள் சாயந்தரமே போய்விடுவது. மறுநாள் வாழையிலையில் பரிமாறும் ஏழு கறிக்குக் காய் வெட்ட ஆள் வேண்டியிருக்கும். சும்மா போய் உட்காருங்கள், கத்தி கைக்கு வந்துவிடும். நான் அவியலுக்கு வெட்டுகிற மாதிரி நீளநீளமாக வெட்டினேன். பக்கத்திலிருந்த பாட்டி ஒரு துண்டை எடுத்து மற்றவர்களிடம் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் என் பெயரைக் கேட்டார்கள். வயதான பெண்களை 'தாந்தின்', அதாவது அத்தை, என்று கூப்பிடுங்கள், முகம் மலரும். சமையல் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் நம் சொற்களே வரும். முருங்கைக்கீரை 'பிரெத் முரும்', ரசம் 'ரசோன்'. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) வேண்டுமானால் 'மன்யோக்' என்று கேளுங்கள்.

கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு மதம் பார்க்காமல் போய் வளர்ந்தவர்கள், செப்டம்பர் 8 இரவு தலைநகர் போர்ட் லூயிஸில் செந்த்-குருவா என்ற பகுதிப் பக்கம் நடந்து பாருங்கள். 1864-இல் இறந்த பாதிரியார் லவாலின் கல்லறைக்கு எல்லா மதத்தாரும் நடந்து போவார்கள். கயிலாசம் என்று சொல்லப்படும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலும் அதே செந்த்-குருவாவில்தான்.

நிதானமான வாழ்க்கை என்று விளம்பரத்தில் வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களுக்கு வார நாளில் அது கண்ணில் படாது. ஞாயிற்றுக்கிழமைதான். சட்டி பானையோடு குடும்பம் குடும்பமாகக் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் வந்து உட்கார்ந்து, இருட்டும் வரை அசைய மாட்டார்கள். முட்டத்து அலையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடல் குளம் மாதிரி இருக்கும். தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறை அலையை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. ஆரம்பத்தில் எனக்குச் சலிப்பாக இருந்தது. இப்போது தக்கலை பஸ் ஸ்டாண்டில் நின்றால்தான் தலை சுற்றுகிறது. கடைகள் சீக்கிரம் மூடிவிடும், சாயந்தரத்துக்கு மேல் பஸ்ஸும் குறைந்துவிடும். ஆறு மணிக்குப் பிறகு எதையும் வாங்கத் திட்டம் போடாதீர்கள்.

சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்ப வேண்டாம், வேலை அனுமதி கையில் வந்த பிறகு கிளம்புங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம், எச்சரிக்கை ஒன்றிலிருந்து நான்கு வரை ஏறும். மூன்று என்றால் வீட்டுக்குள் இருந்துவிட வேண்டும். 2017-இல் ஒக்கியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூலையில் குளிர், மேட்டு நிலத்திலுள்ள கியூர்பிப் ஊர்ப் பக்கம் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது.

அப்புறம், பெட்டியில் செடி, விதை, பழம் எதுவும் வைக்காதீர்கள், அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். அம்மா கறிவேப்பிலை கட்டித் தந்தாலும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அங்கேயே கிடைக்கும், 'கரிபுலே' என்று கேட்டால் போதும்.