ஒரு கோல் முன்னிலையுடன் கடைசி நிமிடங்களைக் கடப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் பயிற்றுவிக்கும் 18 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணி சென்ற மாதம் ஓர் ஆட்டத்தில் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. 88ஆம் நிமிடத்தில் எங்கள் வலது விங்கருக்கு (வலது ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரருக்கு) எதிரணியின் மூலைக்கொடிக்குப் பக்கத்தில் பந்து கிடைத்தது. அவன் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, பெனால்டி பகுதிக்குள் நல்ல உயரமான கிராஸ் ஒன்றை அடித்தான். பந்து உதைபடுவதற்கு முன்பே, அது கோல்கீப்பரின் கைக்குத்தான் போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விளையாடிய காலத்தில் நானும் விங்கராகவே இருந்தேன். அதே இடத்திலிருந்து அதே பந்தை நானும் அடித்திருக்கிறேன்.

நம் பெனால்டி பகுதிக்குள் தேவையில்லாமல் ஃபவுல் செய்யக்கூடாது, நம் கோலுக்கு முன்னால் குறுக்கே பாஸ் கொடுக்கக்கூடாது என்பவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லித்தர வேண்டியவை வேறு சில இருக்கின்றன.

ஆட்டத்தை நிறுத்தினால் நேரம் கரையும் என்று நம்புவது

காயம் பட்டதுபோல் படுத்துக்கொள்வது, த்ரோ-இன் எடுக்க ஒருவர் வந்து பந்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது, மாற்றப்படும் வீரர் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தபடி நடப்பது ஆகியவை எல்லாம் நேரத்தைக் கடத்தும் வழிகள் என்றே புதியவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் காயம், வீரர் மாற்றம், வேண்டுமென்றே செய்யும் தாமதம் ஆகியவற்றால் போன நேரத்தை நடுவர் இறுதியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆட்ட விதிகளின் 7ஆம் விதி சொல்கிறது. அந்தக் கூடுதல் நேரமாகப் பலகையில் காட்டப்படுவது குறைந்தபட்ச நேரம் மட்டுமே. அதை நடுவர் கூட்டலாம், குறைக்க முடியாது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் இந்த விதி எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டது என்பதற்கு இங்கிலாந்து - ஈரான் ஆட்டமே போதும். அதில் இரண்டாம் பாதிக்கு 10 நிமிடம் சேர்க்கப்படும் என்று அறிவித்திருந்தும், ஈரானின் இரண்டாவது கோல் 90 நிமிடம் முடிந்து 13ஆம் நிமிடத்தில் பெனால்டியாக விழுந்தது.

படுத்துக் கிடந்து நாம் பெறும் ஒரு நிமிடம், எதிரணி மூச்சு வாங்கி, பயிற்றுநரின் பேச்சைக் கேட்டு, ஒழுங்காக அணிவகுத்த பிறகு, அப்படியே நம்மிடம் திரும்பி வருகிறது. சிகிச்சை பெற்ற வீரர் வெளியே போய்த்தான் திரும்ப வேண்டும் என்பதால் பெரும்பாலும் நாம் ஓர் ஆள் குறைந்தும் நிற்கிறோம். தாமதப்படுத்தியதற்கு மஞ்சள் அட்டையும் உண்டு. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ஓடும் நொடிகளை மட்டும்தான் எந்த நடுவராலும் திருப்பித் தர முடியாது. ஆகவே பாதுகாப்பான வழி, பந்து நம் காலில் இருக்கையில், நம் கோலிலிருந்து மிகத் தொலைவில், ஆட்டம் நடந்துகொண்டே இருப்பதுதான்.

மூலையில் கிடைத்த பந்தை உள்ளே அடிப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுகிற தவறு இது. ஓர் இறுதி ஆட்டத்தில் 1-0 என்று நாங்கள் முன்னிலையில் இருந்தோம். இரண்டு நிமிடம் மீதம் இருந்தது. எதிரணியின் மூலைக்கொடியிலிருந்து நாலைந்து அடி தள்ளி எங்களுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. நண்பன் அருகில் வந்து நின்று சின்னதாகக் கொடுக்கும்படி கேட்டான். எனக்கோ பெனால்டி பகுதிக்குள் நின்ற எங்கள் நெட்டையான தடுப்பாட்டக்காரர்கள் இருவர் மட்டுமே கண்ணில் பட்டார்கள். இரண்டாவது கோலும் விழுந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணி அடித்தேன். கோல்கீப்பர் குதித்துப் பிடித்தார், நடுக்களத்துக்கு எறிந்தார். எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் அந்தப் பந்தைத் துரத்தி அப்போதுதான் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பதினைந்து நொடிக்குள் ஆட்டம் சமன் ஆனது; பிறகு பெனால்டி உதைகளில் தோற்றோம். அந்த ஆட்டத்தில் நான் செய்த வேறு எதுவும் எனக்கு இப்போது நினைவில் இல்லை.

இதே தவறு ஒரு நாட்டின் உலகக் கோப்பை வாய்ப்பையே பறித்திருக்கிறது. 1993 நவம்பர் 17 அன்று பாரிஸில் பல்கேரியாவுக்கு எதிராக 1-1 என்ற நிலை இருந்தது. சமன் ஆனாலே 1994 உலகக் கோப்பைக்குப் பிரான்ஸ் தகுதி பெற்றுவிடும். கடைசி நிமிடத்தில் பல்கேரியாவின் மூலைக்கொடிக்கு அருகே பிரான்ஸுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. சின்ன பாஸாகத்தான் எடுத்தார்கள்; அதுவரை சரி. பந்தைப் பெற்ற டேவிட் ஜினோலா அதை மூலையிலேயே மறைத்து வைத்திருக்காமல் உள்ளே கிராஸ் அடித்தார். அது சக வீரர் கான்டோனாவைத் தாண்டிப் போனது. பல்கேரியா அதை எடுத்துக்கொண்டு விரைய, எமில் கோஸ்டாடினோவ் கோல் அடித்தார். பிரான்ஸ் வெளியேறியது, பல்கேரியா அமெரிக்காவுக்குப் போய் அரையிறுதி வரை சென்றது.

2018 உலகக் கோப்பையில், ஜூலை 2 அன்று ரஷ்யாவின் ரோஸ்டோவில் ஜப்பான் பெல்ஜியத்திடம் தோற்றது முன்னிலையைக் காக்கும் ஆட்டத்தில் அல்ல. 2-2 என்று சமனில் இருந்தபோதுதான். ஆனால் நடந்தது அதேதான். கூடுதல் நிமிடங்களில் ஜப்பான் கார்னர் கிக்கை உள்ளே அடித்தது. பெல்ஜியத்தின் கோல்கீப்பர் கோர்ட்வா பிடித்து சக வீரர் டி ப்ரூய்னவிடம் உருட்டினார், அவர் நடுக்களத்தைக் கடந்து மெனியேவிடம் கொடுத்தார், மெனியேவின் பந்தை லுகாகு தொடாமல் விட, சாட்லி கோல் ஆக்கினார். நீதி நியாயம் பார்த்தால் ஜப்பானுக்கு அந்த முடிவு கடுமையானது. ஆனால் கோல்கீப்பர் கையில் விழும் கார்னர் கிக், எதிரணிக்கு நாமே தொடங்கிவைக்கும் எதிர்த்தாக்குதல் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆட்டம் எனக்குத் தெரியாது.

கிராஸ் அடிக்கும் பையன்கள் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “கோல் விழுந்திருந்தால்?” விழுந்திருக்கலாம். ஆனால் அதற்காக நம் ஆட்கள் முன்னால் போயிருக்க வேண்டும். பந்து தவறினால் அவர்கள் அனைவரும் தவறான பக்கத்தில் நிற்பார்கள். மூலையில் வைத்திருக்கும்போது பந்தை இழந்தாலும் எதிரணி மைதானத்தின் முழு நீளத்தையும் கடந்து வர வேண்டும், நம்மவர்கள் அனைவரும் பந்துக்குப் பின்னால் இருப்பார்கள். கோல்கீப்பர் மட்டும் எதிரில் நிற்க, சக வீரர் ஒருவர் தனியாக இருந்தால் கொடுக்கலாம். அந்த ஒரு நிலைமையைத் தவிர வேறெந்த விலக்கையும் நான் ஏற்பதில்லை.

மூலையில் தனியாக மாட்டிக்கொள்வது

மூலைக்குப் போனால் மட்டும் போதாது. பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி, எதிராளிக்கு அப்பால் இருக்கும் காலில் பந்தை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். எட்டும் தூரத்தில் பந்து இருக்கும்வரை உடலால் மறைப்பது விதிக்கு உட்பட்டதுதான். கைகளால் எதிராளியைத் தள்ளினால் அது ஃபவுல். எதிராளி நெருங்கியதும் அவருடைய காலில் பந்தைத் தட்டி வெளியே போகச் செய்தால் த்ரோ-இன்னோ கார்னர் கிக்கோ நமக்கே கிடைக்கும். மறுபடியும் அதே இடத்திலிருந்து தொடங்கலாம். இப்படி இரண்டு மூன்று முறை நடந்தாலே ஒரு நிமிடம் ஓடிவிடும்.

இதற்கு ஐந்தாறு மீட்டரில் இன்னொருவர் வேண்டும். தனியாக நிற்பவரை இரண்டு பேர் சூழ்ந்தால் பந்து போய்விடும். துணைக்கு வருகிறவர் மேலும் முன்னேறி ஓடாமல், பின்னோக்கிக் கொடுக்க வசதியாக, பந்துக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும் என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோல்கீப்பர் பந்தை அணைத்துக்கொண்டு கிடப்பது

2025-26 பருவத்திலிருந்து எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிக்.

அனைவரும் பெனால்டி பகுதிக்குள் பின்வாங்குவது

பந்தை உதைத்துத் தள்ளினால் அதை வாங்க முன்னால் யாரும் இல்லாததால் அடுத்த நொடியே அது திரும்பி வரும். ஒருவரையாவது நடுக்கோட்டுக்கு அப்பால் நிறுத்துங்கள்.

70ஆம் நிமிடத்திலேயே தொடங்குவது

இருபது நிமிடம் யாராலும் மூலையில் நிற்க முடியாது. அதுவரை வழக்கம்போல் பாஸ் கொடுத்து ஆடுங்கள்.

பயிற்சியில் ஒத்திகை பார்க்காமல் விடுவது

கோல் அடிக்கவும் தடுக்கவும் மணிக்கணக்கில் பழகுகிறோம்; ஒரு கோல் முன்னிலையுடன் நாலு நிமிடம் ஆடிப் பழகுவதில்லை. இப்போது ஒவ்வொரு வாரமும் பயிற்சியின் இறுதியில், எல்லோரும் களைத்திருக்கும்போது, ஓர் அணிக்கு 1-0 என்று கொடுத்துவிட்டு நாலு நிமிடத்துக்குக் கடிகாரத்தை ஓடவிடுகிறேன். முன்னிலையில் இருக்கும் அணியிலிருந்து யாராவது பெனால்டி பகுதிக்குள் கிராஸ் அடித்து, அதைக் கோல்கீப்பர் பிடித்தால், அது எதிரணிக்குக் கோலாகக் கணக்கிடப்படும். அந்த வலது விங்கர் முதல் வாரத்தில் இரண்டு முறை அப்படிக் கோல் கொடுத்தான். சென்ற வாரம் பந்தை மூலைக்குக் கொண்டுபோய், கொடிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று, துணைக்கு ஆள் வரச்சொல்லிக் கத்தினான்.