புது உப்புநீர் மீன்தொட்டியில் பழுப்புப் பாசி: என் அனுபவம்

கும்பகோணத்துப் போர் தண்ணீரை ஆர்ஓவில் வடித்து நிரப்பிய 200 லிட்டர் தொட்டி. மூன்றாம் வாரம் மணலெங்கும் காபிப்பொடி தூவினாற்போல் பழுப்பு. இது டயட்டம் என்னும் நுண்பாசி, சிலிக்கேட் (தண்ணீரில் கரைந்த சிலிக்கா) தீனி கிடைக்கும்வரை வளரும். ஆர்ஓ சவ்வைத் தாண்டிச் சிலிக்கா கொஞ்சம் கசியும், கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரோ அதைக் காட்டவே காட்டாது. நான் ஏமாந்தது அங்கேதான்.

ஆர்ஓவுக்குப் பின் மிச்ச அயனிகளைப் பிடிக்கும் டிஐ ரெசின் குழாய் சேர்த்தேன். ரெசின் தீரும்போது முதலில் நழுவுவது சிலிக்காதான். ரெசினின் நிறம் பாதி மாறும்போதே அதை மாற்றிவிடுங்கள். வாரம் 30 லிட்டர் பழைய நீரை, மணலின் மேல்படலத்தோடு உறிஞ்சி எடுத்தேன். புதுநீருக்கு லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அடர்த்தி 1.025. விளக்கு 6 மணி நேரம் மட்டும். கண்ணாடியை நத்தைகள் பார்த்துக்கொண்டன; செம்பு கலந்த பாசி மருந்து ஊற்றினால் அவை செத்துவிடும்.

நாகையில் கடல்நீரே பிடிக்கலாமே என்றால், முகத்துவாரத்தருகே வேண்டாம். ஆற்றுநீர் சிலிக்கேட்டையும் சுமந்துதான் வரும்.