நியூன்ஸ் ஒளிப்புழுச் சுரங்கப்பாதை: டார்ச்சை எங்கே அணைப்பது?

ஆஸ்திரேலியாவில், லித்கோ நகருக்கு வடக்கே வோலெமை தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது இந்தப் பழைய ரயில் சுரங்கப்பாதை. நியூன்ஸ் எண்ணெய்ப் பாறைச் சுரங்கத்துக்காக 1907-இல் போட்டு முடித்த பாதை. 1932-இல் ரயில் நின்றது, பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். நீளம் சுமார் 400 மீட்டர்தான். ஆனால் மலைக்குள் வளைந்து திரும்புவதால், நடுவில் நின்றால் இரண்டு வாயும் தெரியாது. அந்தக் கும்மிருட்டும் ஓரமாக ஓடும் ஓடையின் ஈரமும்தான் ஒளிப்புழுக்களை இங்கே வாழவைக்கின்றன.

இவை மின்மினிகள் அல்ல. கொசுவைப் போன்ற ஒரு சிறு பூச்சியின் புழுப்பருவம். பசைத்துளி கோத்த நூல்களைச் சுவரிலிருந்து தொங்கவிட்டு, நீல ஒளி காட்டி, பறந்து வரும் சிறு பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். டார்ச் வெளிச்சம் மேலே பட்டால் ஒளியைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அவற்றுக்கு இரை கிடைக்காது.

காலையோ மாலையோ, எந்த நேரமும் போகலாம். உள்ளே எப்போதும் இரவுதான். கிளம்பும் முன் பூங்கா நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள்: காட்டுத்தீ, மழைவெள்ளம், சாலை வேலை என்றால் வழியை மூடிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு தலைவிளக்கு, குழுவுக்கு உபரியாக ஒரு டார்ச்சும் பேட்டரியும் வேண்டும். செல்போன் விளக்கை நம்பாதீர்கள்: கையில் பிடித்தபடி நடந்தால் விழும்போது ஊன்றக் கை இருக்காது, நனைந்தால் அதுவும் போச்சு. அடி நன்றாகப் பிடிக்கும் மூடிய ஷூ, ஒரு ஜாக்கெட். கொசு விரட்டி பூசிக்கொண்டு போக வேண்டாம், சிகரெட்டும் கூடாது. மருந்தும் புகையும் புழுவைப் பாதிக்கும்.

உள்ளே வரிசையாக நடங்கள். தரை மேடுபள்ளம், கற்கள் வழுக்கும். விளக்கைக் காலடியிலேயே வைத்திருங்கள், சுவரில் கை ஊன்றாதீர்கள்: புழுக்கள் முழங்கால் உயரத்திலும் இருக்கலாம். ஓடையில் இறங்கிக் கலக்காதீர்கள், அவற்றின் இரை அங்கேதான் வளர்கிறது.

நுழைவாயின் வெளிச்சம் மறைந்த பிறகு, பாதம் நிலையாக ஊன்றிய இடத்தில் நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் அணையுங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். ஒரு நிமிடத்தில் "ஒன்றுமே இல்லையே" என்று மறுபடி டார்ச் போட்டுவிடுகிறார்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது ஆகும்; ஒருவர் செல்போனைத் திறந்தாலும் எல்லோருக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பேச்சையும் நிறுத்துங்கள். முதலில் தலைக்கு மேலே நாலைந்து புள்ளிகள், பிறகு சுவரெங்கும்.

படம் எடுக்க முக்காலி கட்டாயம். ஃபிளாஷையும், ஃபோகஸுக்காகத் தானாக எரியும் சிறு விளக்கையும் வெளியிலேயே அணைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 1600, லென்ஸ் திறப்பு f/2.8, ஒளி விழும் நேரம் 30 விநாடி என்று தொடங்கி, போதாவிட்டால் நேரத்தைக் கூட்டுங்கள்.

ஓடைநீர் கலங்கி ஏறத் தொடங்கினால் படம் பாதியில் நின்றாலும் சரி, உடனே வந்த வழியே திரும்பிவிடுங்கள்.