புது வெப்சைட்ல விளம்பரம் எப்ப போடலாம்?

சைட் ஆரம்பிச்ச சூட்டோட எல்லாரும் கேக்கறது ஆட்சென்ஸ் (நம்ம சைட்ல விளம்பரம் காட்டி, அதுல வர்ற காசுல நமக்கு பங்கு தர்ற கூகுள் சேவை) எப்ப அப்ளை பண்ணலாம்னுதான். ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்வாங்க, முப்பது போஸ்ட் இருக்கணும், ஆறு மாசம் ஆகணும், டெய்லி ஆயிரம் பேர் வரணும்னு. இதுல ஆறு மாசக் கணக்கு சும்மா கிளம்பினது இல்ல, ஒரு காலத்துல இந்தியா, சீனால இருக்கறவங்க சைட்டை ஆறு மாசமாவது நடத்தியிருக்கணும்னு கூகுளே கேட்டுச்சு, இப்ப அது இல்ல. இத்தனை போஸ்ட் வேணும்னும் கூகுள் எங்கயும் சொல்லல. என்னைக் கேட்டா பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: நீங்க லிங்க் அனுப்பாமலே, உங்களை யாருன்னே தெரியாதவங்க சைட்டுக்கு வர்றாங்களா? வர்றாங்கன்னா போடுங்க. இல்லன்னா இன்னும் கொஞ்ச நாள் எழுதுங்க.

இதை எப்படிக் கண்டுபிடிக்கறது? சைட் ஆரம்பிச்ச அன்னைக்கே கூகுள் சர்ச் கன்சோல்ல சேத்துருங்க, கூகுள் தேடல்ல என்ன தேடி எத்தனை பேர் உங்க சைட்டை கிளிக் பண்ணி வந்தாங்கன்னு காட்டற இடம் அது, ஃப்ரீதான். அதுல கடைசி 28 நாள் கிளிக்கை அதுக்கு முந்தின 28 நாளோட வச்சுப் பாருங்க. மாடித்தோட்டம் பத்தி ஒரு சைட் வச்சிருக்கீங்கன்னு வச்சுக்குவோம், "தக்காளி இலை சுருட்டல்", "மாவுப்பூச்சிக்கு வேப்ப எண்ணெய்"னு தேடி டெய்லி ஆளுங்க வராங்க, ஒரே ஒரு போஸ்ட்ட மட்டும் நம்பி இல்லாம ஏழெட்டு போஸ்ட்டுக்கு வராங்க, மாசா மாசம் கொஞ்சம் ஏறுது, அப்படின்னா நேரம் வந்தாச்சு. ஃபேஸ்புக்ல ஒரு நாள் வைரலாகி அஞ்சாயிரம் பேர் வந்துட்டு மறுநாள் முப்பது பேர்னா அதை கணக்குல எடுக்காதீங்க.

இப்ப காசு கணக்கு. ஆயிரம் பேஜ் வியூவுக்கு கையில வர்றதத்தான் பேஜ் ஆர்பிஎம்னு சொல்றாங்க. டாபிக்குக்கு டாபிக், நாட்டுக்கு நாடு அது மாறும், அதனால ஒரு பேச்சுக்கு நாப்பது ரூபான்னு வச்சுக்கலாம். டெய்லி 100 வியூன்னா மாசம் 3,000 வியூ, 120 ரூபா. ஆனா ஆட்சென்ஸ் 100 டாலர் சேந்தாதான் பணம் அனுப்பும், டாலர் 85 ரூபான்னு போட்டா 8,500. அதாவது முதல் பேமெண்ட்டுக்கே கிட்டத்தட்ட ஆறு வருஷம். இதே டெய்லி 2,000 வியூன்னா மாசம் 2,400 ரூபா, நாலு மாசத்துக்குள்ள வந்துரும். மாசம் 120 ரூபாய்க்காக, இப்பதான் முதல் தடவையா உள்ள வர்ற ஆளு முகத்துல விளம்பரத்தை நீட்டணுமான்னு யோசிங்க, அந்த ஆளு திரும்ப வர்றதோட மதிப்பு அதைவிட ரொம்ப ஜாஸ்தி.

சீக்கிரம் போடறதுல இன்னொரு ஆபத்து இருக்கு, இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் அழுத்திச் சொல்றது. புது சைட்டுக்கு வர்றவங்க பெரும்பாலும் யாரு? சொந்தக்காரங்க, ஃபிரெண்ட்ஸ், வாட்ஸ்அப் குரூப். நம்ம பையன் சைட்டாச்சேன்னு பாசத்துல சித்தப்பா டெய்லி நாலு விளம்பரத்தை அமுக்குவாரு, அவருக்கு அது உதவி, கூகுளுக்கு அது செல்லாத கிளிக். மொத்தமே அம்பது பேர் வர்ற எடத்துல நாலஞ்சு பேர் திரும்பத் திரும்ப அமுக்கினா பளிச்சுனு தெரியும், அப்புறம் அக்கவுண்ட்டையே நிறுத்திருவாங்க, அதை திரும்ப வாங்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. "விளம்பரத்தை கிளிக் பண்ணி சப்போர்ட் பண்ணுங்க"ன்னு சைட்லயும் எழுதாதீங்க, குரூப்லயும் போடாதீங்க, நீங்களும் டெஸ்ட் பண்றேன்னு தொடாதீங்க. காசு கொடுத்து ட்ராஃபிக் (சைட்டுக்கு வர்ற ஆளுங்க) வாங்கற வேலையும் வேண்டவே வேண்டாம். தேடல்ல வர்ற தெரியாத ஆளுங்க ஜாஸ்தியா இருக்கறப்ப இந்த ஆபத்து தானா கொறையும், நான் காத்திருக்கச் சொல்றதுக்கு பாதி காரணம் இதுதான்.

காத்திருக்கற நேரத்துல செய்யறதுக்கு வேலை இருக்கு. சொந்த டொமைன் (சைட்டோட பேர், அட்ரஸ்) வாங்கிருங்க. அறிமுகம், தொடர்பு, ப்ரைவசி பாலிசி பக்கம் மூணும் போடுங்க, இதுல ப்ரைவசி பாலிசி கட்டாயம், விளம்பரத்துக்கு குக்கீ (வர்றவங்க பிரவுசர்ல சேமிக்கற சின்ன ஃபைல்) பயன்படுத்தறோம்னு அதுல இருக்கணும். பேப்பர்ல வந்ததை அப்படியே போட்டது, படத்தோட ஸ்டில்ஸ், புத்தக பிடிஎஃப், பாட்டு டவுன்லோடு இதெல்லாம் இருந்தா எடுத்துருங்க. "மதிப்பு குறைந்த உள்ளடக்கம்"னு ரிஜெக்ட் ஆகறதுக்கு நாலு வரி போஸ்ட்டுகளும் பெரிய காரணம், அப்படி பத்து இருந்தா ஒண்ணாச் சேத்து ஒரு உருப்படியான போஸ்ட்டா எழுதுங்க. தமிழ்ல எழுதினா ஆட்சென்ஸ் கிடைக்காதுன்னு இன்னும் சிலர் சொல்லிட்டிருக்காங்க, 2018 பிப்ரவரிலயே தமிழுக்கு கொடுத்தாச்சு, அந்த பயம் வேண்டாம். வயசு 18 ஆகியிருக்கணும்.

அப்ளை பண்ணி ஓகே ஆச்சுன்னா உடனே ஆட்டோ ஆட்ஸை (எங்க, எத்தனை விளம்பரம்னு கூகுளே முடிவு பண்ற வசதி) முழுசா திறந்து விட்டுராதீங்க. நீங்களே வைக்கற விளம்பர இடம், அதாவது யூனிட், ரெண்டு போதும், ரெண்டாவது பத்திக்கு அப்புறம் ஒண்ணு, போஸ்ட் முடியற எடத்துல ஒண்ணு. மெனு, பட்டன் பக்கத்துல வைக்காதீங்க, கை தவறி அமுக்கினதையும் அவங்க கண்டுபிடிச்சுருவாங்க. விளம்பரம் வர்ற எடத்துக்கு உயரத்தை முன்னாடியே ஒதுக்கி வைங்க, இல்லன்னா ஃபோன்ல படிச்சிட்டு இருக்கறப்ப வரி சட்டுனு கீழ குதிக்கும், இந்த குதிக்கறதை கூகுள் சிஎல்எஸ்னு அளக்குது, 0.1க்குள்ள இருக்கணும். சத்தத்தோட தானா ஓடற வீடியோ, திரையை மறைக்கற பாப்அப், ஃபோன்ல பக்கத்துல 30 சதவீதத்துக்கு மேல விளம்பரம், இதெல்லாம் வேண்டாம், இந்த மாதிரி சைட்டுல குரோம் பிரவுசரே மொத்த விளம்பரத்தையும் மறைச்சுரும், 2019 ஜூலைல இருந்து உலகம் முழுக்க அப்படித்தான்.

எந்த மாசத்துல ஆரம்பிக்கறதுன்னும் யோசிக்கலாம். தீபாவளில இருந்து டிசம்பர் வரைக்கும் கம்பெனிங்க விளம்பரத்துக்கு நல்லா செலவு பண்ணுவாங்க, ஜனவரில இறங்கிரும். அதனால ஜனவரில போட்டுட்டு இவ்வளவுதானான்னு சோர்ந்து போகாதீங்க, நவம்பர் வருமானத்தைப் பாத்து வேலையையும் விட்டுராதீங்க. ட்ராஃபிக் கம்மியா இருந்தும் விஷயம் உள்ளூர் சார்ந்ததுன்னா நேரடி விளம்பரத்தை ஆட்சென்ஸுக்கு முன்னாடியே கூட எடுக்கலாம். மாடித்தோட்ட சைட்ட தேடி வர்ற 100 பேருமே செடி வளக்கறவங்க, பக்கத்து நர்சரிக்காரருக்கு அந்த 100 பேர் பெரிய விஷயம். மாசத்துக்கு ஒரு தொகை பேசி ஒரு பேனர் வைங்க, கீழ விளம்பரம்னு தெளிவா எழுதிருங்க, வாசகரை ஏமாத்தக் கூடாது.

போட்டதுக்கு அப்புறம் ஒரு மாசம் கவனிங்க. ஒருத்தர் சராசரியா எத்தனை பக்கம் படிக்கறாரு, எவ்வளவு நேரம் இருக்காருன்னு விளம்பரத்துக்கு முந்தின மாசத்தோட பாருங்க, ரொம்ப கொறஞ்சிருந்தா முதல் யூனிட்டை இன்னும் கீழ இறக்குங்க இல்ல எடுத்தே விடுங்க. 10 டாலர் சேந்ததும் அட்ரஸை சரிபாக்கறதுக்காக வீட்டு அட்ரஸுக்கு தபால்ல ஒரு பின் நம்பர் வரும், வர ரெண்டு மூணு வாரம் ஆகும், நாலு மாசத்துக்குள்ள அதை ஆட்சென்ஸ் அக்கவுண்ட்ல போடலன்னா விளம்பரம் நின்னுரும், அதனால அக்கவுண்ட் திறக்கறப்பவே கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் தபால்காரருக்குப் புரியற மாதிரி சரியா கொடுத்துருங்க, பேரு பேங்க் பாஸ்புக்ல இருக்கற மாதிரியே இருக்கட்டும்.