இயக்க விதிகள் கற்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மேசையும் புத்தகமும்

போன மாதம் எங்கள் தனியார் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியர் ஒருவர், பக்கத்துக் கொட்டிலில் தரம் 10 பிள்ளைகளுக்கு நியூற்றனின் மூன்றாம் விதியை, அதாவது ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்பதை, கற்பித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு கிடுகுத் தட்டி மட்டும்தான். கரும்பலகையில் சோக்குக் கட்டி கீச்சிடும் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது: மேசை வரைகிறார், மேலே புத்தகம் வரைகிறார், மேலுக்கொன்று கீழுக்கொன்றாக இரண்டு அம்புக்குறி போடுகிறார். 20 ஆண்டுகளுக்கு முன் நானும் அதே படத்தைத்தான் வரைந்தேன்.

அலகு எழுத மறப்பது, கதியையும் வேகத்தையும் குழப்புவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவற்றைப் பிள்ளைகளே இரண்டாம் தவணைக்குள் திருத்திக்கொள்வார்கள்.

மேசைமேல் புத்தகம்

கீழ்நோக்கிய அம்பு புத்தகத்தின் நிறை, அதாவது பூமி அதை இழுக்கும் விசை; அது தாக்கமாம். மேல்நோக்கிய அம்பு மேசை தரும் விசை, அது மறுதாக்கமாம். இரண்டும் சமம், திசை எதிர். மூன்றாம் விதி முடிந்தது, கொப்பியில் எழுதுங்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. முழுப் பிழை.

தாக்கமும் மறுதாக்கமும் ஒருபோதும் ஒரே பொருளின்மேல் தொழிற்படுவதில்லை. பூமி புத்தகத்தை இழுக்கிறதா, அதற்கு இணை புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தை மேலே தள்ளுகிறதா, அதற்கு இணை புத்தகம் மேசையைக் கீழே அழுத்துவது. படத்தில் இருக்கும் இரண்டு அம்புகளும் புத்தகத்தின்மேல்தான் விழுகின்றன. அவை சமமாக இருப்பதற்குக் காரணம் புத்தகம் அசையாமல் கிடப்பது. அதற்கும் மூன்றாம் விதிக்கும் சம்பந்தமில்லை.

நான் கற்பிக்கத் தொடங்கிய வருடம், பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, "ரீச்சர், மேசையை இழுத்துவிட்டால் மறுதாக்கம் எங்கே போகும்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. மேசை போனால் மேல்நோக்கிய விசையும் போகும். நிறை மட்டும் அப்படியே இருக்கும், புத்தகம் விழும். எப்போதும் சோடியாக இருக்க வேண்டியவற்றில் ஒன்று எப்படித் தனியே மறையும்? எனக்குப் பதில் தெரியவில்லை. "அது பாடத்திட்டத்தில் இல்லை, இரும்" என்றேன். அவள் இருந்துவிட்டாள். அந்த வருடம் முழுவதும் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பாதிக் குற்றம் சொல்லிலும் இருக்கிறது. மேசை தரும் விசைக்கு நம்மிடையே வழங்கும் பெயர் செவ்வன் மறுதாக்கம். மறுதாக்கம் என்று பெயரிலேயே இருந்தால் பிள்ளை என்ன நினைக்கும்? நிறைக்கு மறுதாக்கம் என்றுதான் நினைக்கும். உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்குப் போய்ச் சாய்தளத்தில் ஒரு பெட்டியைக் கண்டதும், நிறையும் செவ்வன் மறுதாக்கமும் சமம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகும். சாய்தளத்திலோ தளத்துக்குச் செங்குத்தான நிறையின் கூறு மட்டுமே அதற்குச் சமம். முதல் வரி பிழைத்தால் கணக்கு முழுவதும் பிழை. தரம் 12 ஆசிரியர் தலையில் கைவைப்பார். வேர் நம்முடைய மேசையில் இருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் அந்த இளைஞரைக் கூப்பிட்டேன். "தம்பி, மேசையில் இருக்கிற புத்தகத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாரும். இப்போது மேசை தருகிற விசை கூடிவிட்டது. நிறை கூடியதா?" அழுத்தியபடியே கொஞ்ச நேரம் நின்றார். "அப்படியானால் நான் இப்போது சொல்லிக்கொடுத்தது, ரீச்சர்?" என்றார். நாளைக்கே திருத்திச் சொல்லும் என்றேன்.

மூன்றாம் விதிக்கு உதாரணம் வேண்டுமென்றால் கடற்கரைக்குப் போங்கள். கட்டாமல் நிற்கும் சிறு வள்ளத்திலிருந்து துறையில் கால் வைக்கும்போது வள்ளம் பின்னே நழுவும். கால் வள்ளத்தைத் தள்ளுகிறது, வள்ளம் காலைத் தள்ளுகிறது. இரண்டு பொருள், இரண்டு அம்பு. குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு போய்வந்த பிள்ளைக்கு அந்தத் தள்ளாட்டத்தை விளக்க வேண்டியதில்லை.

மேலே எறிந்த பந்து

கை விட்ட பிறகும் பந்துக்கு மேல்நோக்கி ஓர் அம்பு வரைவார்கள். "எறிந்த விசை" என்று பெயரும் வைப்பார்கள். அந்த விசையைக் கொடுப்பது எது என்று கேளுங்கள். எறிந்த கை இப்போது காற்சட்டைப் பைக்குள் இருக்கிறது! காற்றின் தடையை விட்டுவிட்டால், பந்தின்மேல் இருப்பது பூமியின் இழுவை ஒன்றுதான். உச்சியில் வேகம் பூச்சியமாகும், ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) ஆகாது. அது அங்கேயும் கீழ்நோக்கி, செக்கனுக்குச் செக்கன் 9.8 மீற்றர்.

யூடியூப் பார்க்கும் பிள்ளை

இலங்கையில் நாம் திணிவு என்பதைத் தமிழகப் பாடநூல்கள் நிறை என்கின்றன. நாம் நிறை என்பது அங்கே எடை. நம் ஆர்முடுகல் அங்கே முடுக்கம், நம் சடத்துவம் அங்கே நிலைமம். தமிழகக் காணொளி பார்த்துவிட்டு வந்த ஒருவன், நிறை 50 கிலோகிராம் என்று எழுதினான். நம் வழக்கில் நிறை ஒரு விசை, அதன் அலகு நியூற்றன். முட்டை போட்டேன். பிறகு அதே காணொளியைப் பார்த்தேன். அந்த ஆசிரியர் சொன்னது அவருடைய பாடநூலின்படி மிகச் சரி. இரண்டு வழக்கையும் முதல் நாளே பலகையில் பக்கம் பக்கமாக எழுதிவிடுங்கள்.

"விண்வெளியில் ஈர்ப்பு இல்லை"

இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வீதிவழியே கொழும்புக்கு உள்ள தூரம், அவ்வளவுதான். அங்கே ஈர்ப்பு தரையில் உள்ளதில் ஏறக்குறைய 90 வீதம். வீரர்கள் மிதப்பது, அவர்களும் நிலையமும் ஒன்றாக விழுந்துகொண்டே இருப்பதால். செக்கனுக்கு 7.7 கிலோமீற்றர் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே விழுவதால் தரையில் முட்டுவதில்லை. அந்த ஓட்டத்தில் கொழும்புக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது என்று சொல்லிப் பாருங்கள், பின் வாங்கும் நிமிர்ந்து உட்காரும்.

பாரமானது முதலில் விழும் என்பது

வாயால் மறுக்காதீர்கள். கொப்பித் தாள் இரண்டைக் கிழித்து, ஒன்றைக் கசக்கி, இரண்டையும் ஒன்றாக விடுங்கள். 1971இல் அப்பலோ 15 வீரர் டேவிட் ஸ்கொட் சந்திரனில் சுத்தியலையும் இறகையும் போட்ட காணொளியை அதன்பின் காட்டலாம்.

அப்பிள்

நியூற்றனின் தலையில் விழவில்லை. பனம்பழம் என்று சொல்லுங்கள். அது விழும் சத்தம் எல்லோருக்கும் தெரியும்.