வளையும் மூட்டுகளுக்கு வலு சேர்ப்பது எப்படி: மிகைநெகிழ்வு உள்ளவர்களுக்கான பயிற்சி வழிகாட்டி

பெங்களூரில் அல்சூர், மர்பி டவுன், லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து பரதநாட்டிய வகுப்புக்கும் யோகா வகுப்புக்கும் போகும் பிள்ளைகளில், உடம்பு வில்லாய் வளைகிறது என்று பாராட்டு வாங்குகிற சிலர், பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் முட்டி வலி, தோள் வலி, அடிக்கடி கணுக்கால் பிசகுதல் என்று பிசியோதெரபிஸ்டிடம் வந்து நிற்கிறார்கள். கூட வரும் அம்மாவிடம் விசாரித்தால், "எனக்கும் சின்ன வயசுல கட்டை விரல் அப்படியே மணிக்கட்டைத் தொடும்" என்று செய்தே காட்டுவார். மூட்டுகள் வழக்கமான அளவைத் தாண்டி வளையும் இந்த மிகைநெகிழ்வு பெரும்பாலும் குடும்பவழி வருவது. வளைவது மட்டுமே நோய் ஆகாது. எந்தத் தொல்லையும் இல்லாமல் ஆயுள் முழுக்க வளைந்துகொண்டு இருப்பவர்களும் உண்டு. வலி, மூட்டு நழுவுதல், ஓயாத களைப்பு ஆகியவை சேரும்போதுதான் சிகிச்சை தேவைப்படுகிறது.

எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் லிகமென்ட்டுகளும் மூட்டைச் சுற்றியுள்ள உறையும் இவர்களுக்குத் தளர்வாக இருக்கின்றன. மூட்டு போகக்கூடாத தூரத்துக்குப் போகாமல் தடுக்க வேண்டிய அவை தம் வேலையைச் சரியாகச் செய்யாததால், அந்த வேலையும் தசைகளின் தலையில் விழுகிறது. இதோடு, கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும் உணர்வும் பலருக்குக் குறைவாகவே இருக்கிறது. ஆகவே பயிற்சியின் நோக்கம் இரண்டு: மூட்டு பாதுகாப்பாக அசையக்கூடிய எல்லை எது என்று உடம்புக்குக் கற்றுக்கொடுப்பது, அந்த எல்லைக்குள் தசையை வலுப்படுத்துவது. இன்னும் வளைய வைப்பது இதில் எங்கும் வராது.

முதலில் நோயறிதல். மருத்துவர்கள் பெய்ட்டன் மதிப்பெண் என்ற 9 புள்ளி அளவைப் பயன்படுத்துகிறார்கள். சுண்டு விரல் பின்பக்கமாக 90 பாகைக்கு மேல் மடங்குவது, கட்டை விரல் முன்கையைத் தொடுவது, முழங்கையும் முட்டியும் 10 பாகைக்கு மேல் பின்னோக்கி வளைவது ஆகிய நான்குக்கும் பக்கத்துக்கு ஒன்றாக எட்டுப் புள்ளி. முட்டி மடங்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதிக்க முடிந்தால் இன்னொன்று. 2017-இல் வகுக்கப்பட்ட சர்வதேச வரையறைப்படி பருவமடையாத பிள்ளைகளுக்கு 6, அதற்கு மேல் 50 வயது வரை 5, ஐம்பதைக் கடந்தவர்களுக்கு 4 புள்ளி இருந்தால் உடல் முழுவதற்கும் மிகைநெகிழ்வு இருப்பதாகக் கொள்வார்கள். உடலின் இணைப்புத் திசுக்கள் பிறவியிலேயே பலவீனமாக இருக்கும் எலர்ஸ்-டான்லோஸ் நோய்த்தொகுப்புக்கு அந்த 2017 வரையறை குறிப்பிடும் 13 வகைகளில் பரவலாகக் காணப்படுவது மிகைநெகிழ்வு வகை. அதற்கு மட்டும் காரணமான மரபணு இன்னும் உறுதி செய்யப்படவில்லை என்பதால், அதை இரத்தப் பரிசோதனையால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் குடும்பத்தில் யாராவது இளவயதில் இரத்தக்குழாய் வெடித்தோ குடல் கிழிந்தோ இறந்திருந்தால், பயிற்சி தொடங்கும் முன் மரபியல் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். இரத்தக்குழாய்களைப் பாதிக்கும் வகை அபாயகரமானது. அதற்கான மரபணுப் பரிசோதனை இருக்கிறது.

பிசியோதெரபிஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் சந்திப்பிலேயே மிகைநெகிழ்வு என்ற சொல்லைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இறுகிப்போன தசையைப் பார்த்துவிட்டு நீட்டிப் பயிற்சி கொடுத்துவிடுவார்கள். தளர்ந்த மூட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதற்காகவே அந்தத் தசை பல நேரம் இறுகியிருக்கிறது. அதை இழுத்து விட்டால் இரண்டு நாள் சுகமாக இருந்து, மூன்றாம் நாள் மூட்டு நழுவும். கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு புத்தூர் கட்டுப் பலகையைப் பார்க்கலாம். சுளுக்கு என்றதும் அங்கே போவது நம் வீடுகளில் பழக்கம். அவர்கள் கைப்பக்குவத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மிகைநெகிழ்வு உள்ள மூட்டை இழுத்து உருவுவதும், வாரக்கணக்கில் அசையாமல் கட்டி வைப்பதும் தீங்கையே செய்யும். கட்டுக்குள் கிடக்கும் தசை மெலியும். தசை மெலிந்தால் அந்த மூட்டுக்கு வேறு பிடிமானம் கிடையாது.

இனிப் பயிற்சிக்கு வருவோம். நிற்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், முட்டி பின்னோக்கித் தள்ளி, தொடையும் கெண்டைக்காலும் பின்பக்கம் வளைந்து நிற்பது தெரியும். லேசாக முட்டியைத் தளர்த்தி, இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி செய்யுங்கள். கண்ணாடியில் கால் நேராகத் தெரியும். நிற்பவருக்கோ கால் மடங்கியிருப்பது போலவே இருக்கும். கண்ணுக்கும் உணர்வுக்கும் நடுவே உள்ள இந்த வித்தியாசத்தைத்தான் சரிசெய்கிறோம் என்பதால், இதற்காக எத்தனை நாள் செலவானாலும் தகும். ஒரு சாண் நீளக் காகித பிளாஸ்டரை, முட்டி சரியான இடத்தில் இருக்கும்போது அதன் பின்பக்கம் செங்குத்தாக ஒட்டிவிட்டால், முட்டி பின்னே போகும் ஒவ்வொரு முறையும் தோல் இழுபட்டு எச்சரிக்கும். தோல் மெல்லியதாகவோ எளிதில் கிழிவதாகவோ இருப்பவர்கள் பிளாஸ்டரைத் தவிர்க்கலாம். மற்றவர்களும் அதை எடுக்கும்போது சற்றே எண்ணெய் தடவி மெதுவாக உரிக்க வேண்டும்.

அடுத்தது, மூட்டு அசையாமல் தசை மட்டும் இறுகும் பயிற்சிகள். மல்லாந்து படுத்து, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, தொடைத் தசையை இறுக்கித் துண்டை அழுத்தி ஐந்து நொடி பிடியுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. முட்டிகளை மடித்துப் பாதங்களை ஊன்றி இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குவது பிட்டத் தசைகளுக்கு. சுவரில் உள்ளங்கைகளைப் பதித்து, முழங்கையைப் பூட்டாமல், சுவரைத் தள்ளுவது தோளுக்கு. இவை வலியில்லாமல் வந்த பிறகு, கனமான மர நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து மெதுவாக உட்காரலாம். எழுந்து முடிக்கும் கடைசி நொடியில் முட்டியைப் பின்னே அடித்து நிறுத்தாமல், சற்று முன்பே நிற்பதுதான் இதில் கடினமான பகுதி. சமையல் மேடையை விரலால் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது கணுக்காலுக்கு நல்லது. பாதமும் கையும் தரையிலோ சுவரிலோ ஊன்றியிருக்கும் பயிற்சிகளில் மூட்டு தன் இடத்தை எளிதாக உணர்வதால், எடை தூக்கி வீசும் பயிற்சிகளுக்கு முன்னால் இவை வர வேண்டும்.

அளவு விஷயத்தில் பொறுமை வேண்டும். ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பத்து முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று தொடங்கி, இரண்டு வாரம் நன்றாகப் போனால் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: எண்ணிக்கையை, அல்லது எடையை, அல்லது நேரத்தை. மறுநாள் தசையில் வலி இருந்தால் கவலை இல்லை. மூட்டுக்குள் குத்தினாலோ, வலி ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டும். அதற்காக, பயந்து பயந்து காலமெல்லாம் லேசான பயிற்சியிலேயே நின்றுவிடவும் கூடாது. தோள் மிகைநெகிழ்வு உள்ள 100 பேரை வைத்து டென்மார்க்கில் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், 16 வாரம் கண்காணிப்போடு கனமான எடையில் பயிற்சி செய்தவர்கள், லேசான பயிற்சி செய்தவர்களைவிட அன்றாடச் செயல்பாட்டில் கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள். சரியான நிலையைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிறகு, துணையோடு எடையைக் கூட்டுவதுதான் முறை.

எழுந்து நின்றால் தலைசுற்றலும் படபடப்பும் வருகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். படுத்திருந்து எழுந்த 10 நிமிடத்துக்குள், இரத்த அழுத்தம் பெரிதாக விழாமலே, நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 30-க்கு மேல், 12 முதல் 19 வயதுக்காரர்களுக்கு 40-க்கு மேல், கூடி அப்படியே நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மிகைநெகிழ்வு உள்ளவர்களிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. அப்படிப்பட்டவர்கள் படுத்தும் உட்கார்ந்தும் செய்யும் பயிற்சிகளோடு தொடங்கலாம். உணவில் உப்பைக் கூட்டுவது இவர்களில் சிலருக்கு உதவும்; எவ்வளவு கூட்டுவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

பயிற்சி அரை மணி நேரம்; மீதி நாள் முழுவதும் வீடும் வேலையும்தான். பெங்களூர் வீடுகளில் தோளைக் கெடுக்கும் முதல் பொருள் 20 லிட்டர் தண்ணீர் கேன். அதைத் தூக்கிக் கவிழ்க்காமல், கேன் வாயில் மாட்டும் சிறிய பம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். பேருந்தில் மேலே தொங்கும் பிடியைப் பற்றினால், ஒரு பிரேக்குக்கே தோள் நழுவக்கூடும். மார்பு உயரத்தில் உள்ள கம்பியையோ இருக்கையின் பிடியையோ பற்றுங்கள். துணியை முறுக்கிப் பிழிய வேண்டாம், சொட்டச் சொட்டவே காயப்போடலாம். எழுதும்போது விரல் மூட்டு பின்பக்கம் மடிகிற பிள்ளைக்குத் தடித்த பேனா கொடுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்குமா என்று பள்ளியில் மருத்துவச் சான்றுடன் கேளுங்கள். சோம்பேறித்தனம் என்று அந்தப் பிள்ளை கேட்ட ஏச்சு போதும்.

நடனத்தை நிறுத்த வேண்டியதில்லை. முட்டிகளை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் கால் திரும்புவது இடுப்பிலிருந்து வர வேண்டும், முட்டி கால்விரல்களுக்கு நேராக நிற்க வேண்டும், யாரும் பின்னாலிருந்து அழுத்தி வளைக்கக் கூடாது என்று ஆசிரியரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். முழுதாகக் குந்தும் முழுமண்டியைத் தசை வலுவான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நழுவிய மூட்டு இடத்துக்குத் திரும்பாமல் விரல்கள் குளிர்ந்து நீலமானாலோ, கழுத்து வலியோடு கைகள் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துச் சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ, உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சாதாரணமாக வலி கூடும் நாட்களில் முழுப் படுக்கை வேண்டாம்; பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, அசையாமல் இறுக்கும் பயிற்சிகளை மட்டும் தொடருங்கள்.

பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். அதைப் பெய்ட்டன் மதிப்பெண்ணால் அளக்காதீர்கள். லிகமென்ட் இறுகப் போவதில்லை, ஆகவே அந்த எண் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். எத்தனை நிமிடம் வலியின்றி நிற்க முடிகிறது, மாதத்தில் எத்தனை முறை மூட்டு நழுவியது, எத்தனை நாள் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியவில்லை என்ற மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த சந்திப்புக்கு அதை எடுத்துப் போங்கள்.